எல்டன்பாக்கில் ஓரிடம்

சிவானந்தனின் சாம்பல் ஐந்து நாளாக மைக்ரோவேவுக்குப் பக்கத்தில் இருந்தது.

சுவாமி அறையில் வைக்கக்கூடாது என்று ஐயர் சொல்லிவிட்டார். படுக்கையறையில் வைக்கச் சந்திரவதனாவுக்குத் தைரியம் வரவில்லை. முன்னறையில் வைத்துப் பார்த்தாள். துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், பேச்சுவாக்கில் அதன் மூடிமேல் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டார். ஆகவே ஹவுன்ஸ்லோவில், விமானங்கள் கூரையை உரசுவதுபோலப் போகும் அந்தச் சின்ன வீட்டின் சமையலறையில், ஒரு பச்சைப் பிளாஸ்டிக் சாடிக்குள் அவர் இருந்தார். உயிரோடு இருந்தபோதும் அவர் அதிகம் இடம் கேட்ட மனிதரல்ல.

"அண்ணி, வாற வெள்ளிக்கிழமைக்கு போட் புக் பண்ணியிருக்கிறன்," என்றாள் நகுலேஸ்வரி. சிவானந்தனின் ஒரே தங்கை. ஈஸ்ட் ஹாமிலிருந்து ரயிலில் ஒன்றரை மணித்தியாலம் இருந்து வந்த களைப்பு முகத்தில் இருந்தது. "தேம்ஸிலை விட்டால் நேர கடலுக்குப் போயிடும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல் இந்த அலுவல் முடியோணும்."

"அவர் தேம்ஸ் எண்டு சொல்லேல்லையே நகுலா."

"அண்ணா ஒண்டுமே சொல்லேல்லை."

"சொன்னவர். எல்டன்பாக் எண்டு சொன்னவர்."

பிரச்சினை அதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்த அன்று, காரை நிறுத்த இடம் தேடி அலைந்து, சந்திரவதனாவும் நகுலேஸ்வரியும் மகன் கீர்த்தனனும் வார்டுக்குள் ஓடியபோது சிவானந்தன் கண் விழித்திருந்தார். வலது கையைக் கொஞ்சம் தூக்கினார். ஒரே ஒரு சொல் சொன்னார். பிறகு கை இறங்கிவிட்டது.

அந்தச் சொல் என்ன என்பதில் மூன்று பேருக்கும் மூன்று கருத்து. சந்திரவதனாவின் காதில் 'எல்டன்பாக்' என்று விழுந்தது. நகுலேஸ்வரியின் காதில் 'எல்லாம் பாக்' என்று விழுந்தது. 'எல்லாம் பாத்துக்கொள்' என்று சொல்ல வந்து, அண்ணா பாதியில் போய்விட்டார் என்பது அவள் கட்சி. கீர்த்தனன் அந்த நேரத்தில் பார்க்கிங் ஆப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் அவன் காதில் ஒன்றுமே விழவில்லை.

"என்னைப் பாத்துத்தானே சொன்னவர்," என்றாள் நகுலேஸ்வரி.

"நீ முன்னுக்கு நிண்டனி. உன்னைத் தாண்டி என்னைப் பாத்தவர்."

எல்டன்பாக் ஜெர்மனியில் ஒரு சிற்றூர். மோசல் ஆற்றங்கரையில், செங்குத்தான திராட்சைத் தோட்டங்களுக்குக் கீழே இருக்கிறது. எண்பதுகளில் அகதி விண்ணப்பம் போட்டவர்களை அரசாங்கம் ஊரூராகப் பிரித்து அனுப்பியபோது சிவானந்தனுக்கு விழுந்தது அந்த ஊர். ஒன்பது வருடம் அங்கே திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்தார். பிறகு லண்டனுக்கு வந்தார், சந்திரவதனாவைக் கட்டினார், விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தார்.

இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அந்த ஒன்பது வருடத்தைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை. அதுதான் சந்திரவதனாவை அரித்தது. இருந்தது ஒரே ஒரு படம். முதுகில் பெரிய கூடையைக் கட்டிக்கொண்டு, கம்பளித் தொப்பியோடு, மலைச்சரிவில் நின்று தூரத்தில் எதையோ வெறித்துக்கொண்டிருந்தார். கேசரியில் உலர்ந்த திராட்சை கிடந்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் வைத்துவிடுவார். ஏன் என்று கேட்டால் எழுந்து போய்விடுவார். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் ஒரு மனிதனுக்குத் திராட்சையைப் பார்க்கவே தாங்கவில்லை என்றால், அந்த ஊரில் அவர் எதையோ, அல்லது யாரையோ, விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்? அவள் பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டு சமைத்தாள், தோய்த்தாள், அவருக்குப் பக்கத்தில் படுத்தாள்.

அவர் செத்ததிலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை. அதையும் சனம் கவனித்துக்கொண்டுதான் இருந்தது.

"அவர் கடைசியா வாய் திறந்து கேட்டது அது ஒண்டுதான். நான் கொண்டுபோய்ச் சேர்ப்பன்," என்றாள்.

கீர்த்தனன் கணினி வேலைக்காரன். எதையும் முறைப்படி செய்யவேண்டும் என்று நினைப்பவன். "அம்மா, முதல் பெர்மிஷன் கேட்பம்," என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி, போனிலேயே ஜெர்மனுக்கு மாற்றி, எல்டன்பாக் நகரசபைக்கு அனுப்பினான். சாம்பல் என்ற சொல்லை எழுத அவனுக்குக் கை வரவில்லை. 'எங்கள் அப்பாவை உங்கள் ஆற்றில் விட விரும்புகிறோம்' என்று மரியாதையாக எழுதியிருந்தான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே தொலைபேசி அடித்தது. நகரசபை அலுவலர் பிராண்ட் அம்மையார், ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும் அளந்து வைத்துப் பேசினார்.

"உங்கள் தந்தை இதற்குச் சம்மதித்திருக்கிறாரா?"

"அவருடைய விருப்பமே அதுதான்," என்றான் கீர்த்தனன்.

"அவர் இப்போது உங்களோடு இருக்கிறாரா?"

கீர்த்தனன் மைக்ரோவேவ் பக்கம் பார்த்தான். "ஓம். கிச்சனில்."

"அவருக்கு நீந்தத் தெரியுமா?"

விஷயம் விளங்க இரண்டு பக்கத்துக்கும் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கிய பிறகு அந்த அம்மையாரின் குரல் இளகியது, பதில் இளகவில்லை. ஆற்றில் கரைக்க அனுமதி இல்லை. ஊர் மயானத்தில் முறைப்படி அடக்கம் செய்யலாம், அவ்வளவுதான்.

"ஏலாதெண்டு சொல்லிப்போட்டினம். முடிஞ்சுது," என்றான் கீர்த்தனன்.

"கேட்டபடியால்தானே ஏலாதெண்டவை. கேளாமல் போவம்," என்றாள் சந்திரவதனா.

"அம்மா, இப்ப அவையளுக்கு எங்களைத் தெரியும்."

"ஆத்துக்கு எங்களைத் தெரியாது."

நகுலேஸ்வரியும் வருவேன் என்றாள். அண்ணியை நம்பி விட்டால் எள்ளும் இருக்காது, தர்ப்பையும் இருக்காது என்பது அவள் கவலை. இருபத்திரண்டு வருடம் மற்றவர்களின் பெட்டிகளைத் தூக்கிப்போட்ட விமான நிலையத்திலிருந்து சிவானந்தன் தன் மனைவியின் கைப்பைக்குள் புறப்பட்டார். சோதனை செய்யும் இடத்தில் சீருடைப் பெண் சாடியைத் தொடாமல், "இது யார்?" என்று மெதுவாகக் கேட்டாள். "ஹஸ்பண்ட்" என்றாள் சந்திரவதனா. அந்தப் பெண் தகனச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, அவரை மட்டும் தனித் தட்டில் வைத்து அனுப்பினாள்.

எல்டன்பாக்குக்கு இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் பிடிக்கவேண்டியிருந்தது. பஸ் அவர்களை ஒரு பாலத்தடியில் இறக்கிவிட்டு, ஓடித் தப்புவதுபோலப் போய்விட்டது.

நவம்பர் கடைசி. பழம் பறித்து முடிந்து, சரிவு முழுக்க மொட்டைக் குச்சிகள் வரிசையாக நின்றன. இரண்டு பக்க மலையும் வெயிலை மறைத்தது; மறைப்பதற்கு வெயிலும் இல்லை. ஆறு சாம்பல் நிறத்தில், எங்கேயும் போக அவசரமில்லாமல் கிடந்தது. ஒரே ஒரு தெரு. வைன் கடைகள் ஆறு, ஆறும் பூட்டு. திறந்திருந்த ஒரே விடுதியின் சொந்தக்காரர் இவர்களைக் கண்டதும், வழி தவறி வந்துவிட்டீர்களா என்று கேட்டார்.

"அண்ணா இதுக்கே உயிரை விட்டவர்?" என்றாள் நகுலேஸ்வரி.

சந்திரவதனாவும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். "எங்கடை கண்ணுக்குத் தெரியாது," என்றாள். "அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

மறுநாள் விடியப்புறம் பாலத்துக்குக் கீழே இறங்கினார்கள். மூடுபனியில் எதிர்க்கரை தெரியவில்லை. நகுலேஸ்வரி ஈரக் கல்லில் வாழையிலைக்குப் பதிலாகச் சமையல் தாளை விரித்து, எள்ளும் பழமும் வைத்தாள். கற்பூரம் பற்றவே இல்லை. கீர்த்தனனின் விரல்கள் விறைத்துப்போய், சாடியின் மூடி அசைய மறுத்தது. சாவிக்கொத்திலிருந்து வீட்டுத் திறப்பை எடுத்து நெம்பினான். முழங்காலுக்கிடையில் இறுக்கிக்கொண்டு திருகினான்.

"வர விருப்பமில்லாத மாதிரி இருக்கிறார்," என்றான்.

"விசர்க்கதை கதையாதை," என்றாள் தாய்.

அப்போதுதான் நாய் குரைத்தது. நாய்க்குப் பின்னால் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு வயதான பெண், கையில் போனோடு. அவள் இவர்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. போனில்தான் பேசினாள்.

பத்து நிமிடத்தில் சைக்கிளில் ஒரு அம்மையார் வந்து இறங்கி, மூன்று பேரையும் சாடியையும் பார்த்தார்.

"நீந்தத் தெரியாதவர் இவர்தானா?" என்றார்.

பிராண்ட் அம்மையாரேதான். அபராதம், பொலிஸ், அறிக்கை என்று அவர் ஒவ்வொரு சொல்லாகத் தொடங்க, முறைப்படி வாழ்ந்த கீர்த்தனனுக்கு வாய் தன்பாட்டில் ஓடியது. "இல்லை, இல்லை. நாங்கள் மயானத்தில் அடக்கம் செய்யத்தான் வந்தோம். அதற்கு முதல் அப்பாவுக்கு ஒருதரம் ஆற்றைக் காட்டினோம். அது எங்கள் வழக்கம்."

பிராண்ட் அம்மையாரின் முகம் மலர்ந்தது. அப்படியென்றால் வாருங்கள், அலுவலகத்துக்குப் போய்ப் பத்திரங்களை எழுதுவோம் என்றார். சாடியைத் தானே வாங்கி, சைக்கிளின் முன்கூடையில் வைத்துக்கொண்டார்.

"என்னடா சொன்னனி?" என்றாள் சந்திரவதனா.

"அம்மா, நான் பேசாமல் இருந்திருக்கலாம்," என்றான் கீர்த்தனன்.

நகரசபையில் இன்னொரு சிக்கல். மயானத்தில் வெளியூராருக்கு ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டிருந்தது. இடம் இல்லாவிட்டால் சாடியை என்ன செய்வது என்று சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. எழுதும்வரைக்கும் அது நகரசபை அலமாரியில் இருக்கவேண்டும். நகுலேஸ்வரி அழத் தொடங்கினாள். "அண்ணாவை பைலோடை பைலா வைக்கப் போகினம்."

கூடவே வந்து மூலையில் நின்ற நாய்க்காரக் கிழவி, சாடியில் ஒட்டியிருந்த பெயரை அப்போதுதான் குனிந்து படித்தாள். எழுத்தெழுத்தாகப் படித்தாள். பிறகு நிமிர்ந்து, "சிவா?" என்றாள்.

அவள் பெயர் ஹில்டா. சிவானந்தன் வேலை செய்த தோட்டத்தின் முதலாளி கெஸ்லருடைய மனைவி. கெஸ்லர் செத்துப் பத்து வருடம். ஹில்டா ஜெர்மனில் சொல்லச் சொல்ல, பிராண்ட் அம்மையார் ஆங்கிலமாக்க, கீர்த்தனன் தமிழாக்கினான்.

"அப்பாதான் அவையளின்ரை பெஸ்ட் வேலையாளாம். மழையெண்டாலும் ஸ்னோ எண்டாலும் மலையிலை நிப்பாராம். வாய் திறந்து ஒரு முறைப்பாடும் சொல்ல மாட்டாராம்."

"அவருக்கு அப்ப பாஷை தெரியாதே," என்றாள் நகுலேஸ்வரி. அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமையிலை பாலத்தடி பஸ் ஸ்டொப்பிலை போய் மணிக்கணக்கா நிப்பாராம். ஞாயிறு பஸ் ஓடாது எண்டு இவ எத்தனையோ தரம் சொன்னவவாம். எண்டாலும் நிப்பாராம். ஆத்தைப் பாக்கத்தான் போறார் எண்டு பிறகுதான் தங்களுக்கு விளங்கினதாம்."

சந்திரவதனா இருந்த கதிரையின் கைப்பிடியை இறுகப் பிடித்தாள். ஆக, ஒரு பெண் இல்லை. ஒரு ஆறு. இருபத்தெட்டு வருடமாக அவள் பொறாமைப்பட்டது ஒரு ஆற்றின்மேல்.

ஹில்டா மேசையைத் தட்டி ஏதோ சொன்னாள். பிராண்ட் அம்மையார் எழுந்து நின்று மொழிபெயர்த்தார். மயானத்தில் கெஸ்லர் குடும்பத்துக்குச் சொந்தமான நிலத்தில் இன்னும் ஓரிடம் இருக்கிறது. ஆற்றைப் பார்த்த இடம். கெஸ்லருக்கு நேர் பக்கத்தில். அதைச் சிவாவுக்குத் தருகிறாள்.

நகுலேஸ்வரிக்குச் சம்மதமில்லை. புதைப்பது எங்கள் முறையில்லை, கரைப்பதுதான் முறை என்று நின்றாள். கடைசியில் லண்டனுக்கு ஐயருக்குப் போன் போட்டாள். ஐயர் ஒரு கல்யாண மண்டபத்தில், மேளச் சத்தத்துக்கு நடுவில் நின்றார். "ஆத்தங்கரையோ? அப்ப ஒரு குறையுமில்லை, செய்யுங்கோ," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் எதைக் கேட்டு எதற்குச் சொன்னாரோ தெரியாது. சொல்லிவிட்டார்.

பத்திரம் எட்டுப் பக்கம். கீர்த்தனன் ஏழாம் பக்கத்தில் நின்றுவிட்டான். "அம்மா, இதை வடிவாக் கேளுங்கோ. ஒருக்கா வைச்சால் முப்பது வருஷத்துக்கு எடுக்க ஏலாது. இடம் மாத்தவும் ஏலாது. நாங்கள் கேட்டாலும் தரமாட்டினம். ஓகேயோ?"

"இனி அவர் எங்கை போகப்போறார்," என்று சந்திரவதனா கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு நாள் கழித்து அடக்கம். அந்தப் பருவத்தில் ஊரில் வேறு ஒன்றும் நடக்காததால் முப்பது பேர்வரை வந்துவிட்டார்கள். நகரத் தலைவர் பதவிச் சங்கிலி போட்டுக்கொண்டு வந்து பேசினார். உலகத்தில் எங்கே போனாலும் எல்டன்பாக் தன் பிள்ளைகளைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் என்றார். நான்கு கிழவர்கள் குழல் ஊதினார்கள். ஹில்டா தன் தோட்டத்துப் பழைய வைன் ஒரு போத்தலை உடைத்து, சிவானந்தன்மேல் முழுவதையும் ஊற்றினாள். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாதவர் அவர். நகுலேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் பாடினாள். பாடி முடிந்ததும் குழல் ஊதியவர்கள் கைதட்டினார்கள்.

கல்லில் பெயரும், அதன்கீழ் ஒரு வரியும் வெட்டியிருந்தார்கள். கீர்த்தனன் போனை நீட்டிப் பிடித்துப் படித்தான். "'சிவா. திரும்பவும் எங்களோடு.'"

அப்போதுதான் சந்திரவதனாவுக்கு அழுகை வந்தது. வரவேண்டிய நாளில் வராதது எல்லாம் சேர்ந்து வந்தது. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். நகுலேஸ்வரி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். கலியாணமாகி வந்த நாளிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் அப்படிக் கட்டிப்பிடித்ததில்லை. ஆற்றில் ஒரு சரக்குப் படகு மெதுவாகப் போனது. வாழ்நாள் முழுக்க ஒன்றும் கேட்காத மனிதர் கடைசியாகக் கேட்ட ஒன்றைத் தான் கொடுத்துவிட்டோம் என்று அவளுக்கு இருந்தது. அன்று இரவு, மாதக்கணக்கில் இல்லாத தூக்கம் தூங்கினாள்.

அந்தியேட்டிக்கு ஹவுன்ஸ்லோவில் ஒரு பாடசாலை மண்டபம் எடுத்தார்கள். மழையோடு நூறு பேர் வந்திருந்தார்கள். சந்திரவதனா ஒவ்வொரு மேசையாகப் போய் போனில் படங்களைக் காட்டினாள். ஆறு, மலை, கல், சங்கிலியோடு நகரத் தலைவர். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இப்படி ஒரு மனைவி வாய்க்கவேண்டுமே என்று ஒருவர் சொல்ல, அவர் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

நகுலேஸ்வரி பாயசம் பரிமாறியபடி எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். "எல்டன்பாக் எண்டு அண்ணா சொன்னவுடனை முதல் விளங்கினது எனக்குத்தான். பக்கத்திலை நிண்டனான்தானே."

சந்திரவதனாவுக்கும் அது கேட்டது. இனி என்ன, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

பந்தி முடிகிற நேரம், ஊன்றுகோலோடு மெலிந்த ஒருவர் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார். அவள் அவரை முன்பு கண்டதில்லை.

"அக்கா, என்னைத் தெரியாது உங்களுக்கு. தில்லையம்பலம். ஃபெல்தமிலை இருக்கிறன். ஆஸ்பத்திரியிலை அண்ணைக்குப் பக்கத்துக் கட்டில் என்ரை, நடுவிலை திரை. மரண அறிவித்தல் பாத்துத்தான் இண்டைக்கு வந்தனான். பஸ் பிந்திப் போச்சு."

"இருங்கோ, சாப்பிடுங்கோ," என்று கதிரையை இழுத்துப் போட்டாள் சந்திரவதனா. கடைசி நாட்களில் அவரோடு இருந்த ஒரு மனிதர். "கஷ்டப்பட்டவரோ?"

"இல்லை அக்கா. கடைசிவரைக்கும் நல்லாத்தான் கதைச்சுக்கொண்டிருந்தவர். உங்களைப் பற்றிக் கதைச்சவர். லண்டனுக்கு வந்தபிறகுதான் தான் மனிசனா இருந்தது எண்டு சொன்னவர்."

அவள் முந்தானையை எடுத்தாள்.

"அண்டைக்கும் நான் தான் பேச்சுக் குடுத்தனான். எனக்குச் சரியான குளிர். போர்வைக்கு மேலை போர்வை போட்டும் நடுங்குது. அண்ணை சிரிச்சார். 'இதெல்லாம் ஒரு குளிரோ தம்பி? ஒன்பது வருஷம் ஒரு ஊரிலை கிடந்து பட்டனே, அதெல்லோ குளிர். பஸ் கூட வராத ஊர். செத்தாலும் அந்தப் பக்கம் தலைவைச்சுப் படுக்கமாட்டன்' எண்டார்."

தில்லையம்பலம் கீர்த்தனன் கொண்டுவந்த பாயசத்தை வாங்கிக்கொண்டு, சொல்லி முடித்தார்.

"'அதெந்த ஊர் அண்ணை?' எண்டு நான் கேக்கவும், நீங்கள் எல்லாரும் உள்ளுக்கை ஓடிவரவும் சரியா இருந்தது."